கயிறு பிடித்த கைகள்
(முத்துக்குளித்துறையில் பாடநூல் பிறந்த கதை)



மலர்க்குழு நண்பர்கள், "ஹாஸ்டல் நினைவுகள் நிறைய வந்துடுச்சு. நீ ஏதாவது வரலாறு எழுது" என்று கேட்டுக்கொண்டார்கள். நானோ இன்ஜினீயர். பீமும் காலமும் தெரிந்த அளவுக்கு மன்னர்களைத் தெரியாது. ஆனாலும் நம்ம ஊர் வரலாற்றில் ஒரு செய்தி பல நாட்களாக என் மனத்தில் கிடக்கிறது. அது புத்தகம் எழுதியவர்களைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், புத்தகம் எழுதியவர்களுக்குத் துணை நின்றவர்களைப் பற்றியது. நம் கல்லூரிக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது என்று நினைப்பதால் எழுதத் துணிந்தேன்.

முத்துக்குளிப்பு எப்படி நடந்தது என்று நம்மில் பலர் வீட்டுப் பெரியவர்கள் வாயால் கேட்டிருப்போம். குளிப்பவர் மூச்சை அடக்கிக்கொண்டு கல்லின் பாரத்தில் கடலின் அடிக்குப் போவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இருந்து கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும். ஒரு நிமிஷம் அசந்தாலும் கீழே இருப்பவர் உயிர் போய்விடும். அதனால்தான் கயிற்றை மச்சான் கையில் கொடுப்பார்கள் என்று நம்ம பக்கம் சொல்வது வழக்கம். தன் தங்கை தாலிக்காகவாவது அவன் கண்ணயர மாட்டான் அல்லவா!

1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் அந்தக் கயிறு எனக்கு வேறொரு தொழிலை ஞாபகப்படுத்துகிறது. பாடப்புத்தகம் எழுதுவதும் இதே மாதிரிதான். ஒருவர் மூழ்குகிறார், பேர் அவருக்கு. கயிறு பிடித்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

முதல் தமிழ் அச்சுப் புத்தகமும் ஒரு கல்லூரியும்

1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி, கொல்லத்தில் ஒரு சின்னப் புத்தகம் அச்சானது. பெயர் 'தம்பிரான் வணக்கம்'. மொத்தம் 16 பக்கம்தான். இந்திய மொழி ஒன்றில், அந்த மொழியின் சொந்த எழுத்திலேயே இந்தியாவில் அச்சாகி நம் கைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய புத்தகம் இதுதான். இதற்கு முன் 1554-இல் லிஸ்பன் நகரில் தமிழ் வாசகங்கள் அச்சானதுண்டு. ஆனால் அவை ரோமன் எழுத்தில் இருந்தன. தமிழ் எழுத்து அச்சில் ஏறியது கொல்லத்தில்தான்.

அது அச்சான இடம் எது தெரியுமா? 'இரட்சகர் கல்லூரி' என்று புத்தகத்தின் முகப்பிலேயே போட்டிருக்கிறது. ஆமாம், ஒரு கல்லூரி! அரண்மனையும் இல்லை, வியாபாரியின் கிடங்கும் இல்லை. கல்லூரிக்காரர்களான நாம் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

அதை எழுதியவர் நம் கடற்கரைக்காரர் என்றே சொல்லலாம். ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்பது அவர் பெயர். தமிழில் அண்டிரிக் பாதிரியார். 1520-இல் போர்த்துக்கல் நாட்டில் பிறந்து, 1546-இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல்தான் அவருக்கு வீடு. 1600-இல் அங்கேயே காலமானார். அடக்கம் செய்தது தூத்துக்குடியில். வந்த நாளிலிருந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்த மண்ணை விட்டு அவர் பிரியவில்லை.

தமிழ் கற்றதிலும் அவர் வழி தனி. கூட இருந்த பாதிரியார்களும் தமக்குள் தமிழில்தான் பேச வேண்டும் என்று விதி வைத்தார். வாய் தவறி வேற்று மொழி பேசினால் தண்டனையும் உண்டு. ஹாஸ்டலில் ராகிங் செய்த சீனியர்கள்கூட இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை!

எத்தனை பேர் சேர்ந்தார்கள்?

இப்போது கயிற்றுக்கு வருவோம்.

முதலாவது, நேரம். 1549-இல் அந்தோனி கிரிமினாலி பாதிரியார் வேதாளையில் கொல்லப்பட்ட பிறகு, இந்தக் கடற்கரைப் பணி முழுவதற்கும் அண்டிரிக் அடிகளார்தான் தலைவர். ஊர் ஊராகப் போக வேண்டும், வழக்கு தீர்க்க வேண்டும், ஆஸ்பத்திரியைப் பார்க்க வேண்டும். உடம்பும் பலவீனம். 1576 வரை, அதாவது ஏறக்குறைய 27 வருஷம் இந்தப் பொறுப்பு அவர் தோளில் இருந்தது. அந்த 27 வருஷத்தில் அவர் எழுதி அச்சேறிய தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. பொறுப்பு இறங்கியது. அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1578-இல் 'தம்பிரான் வணக்கம்'. 1579-இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. 1580-இல் பாவசங்கீர்த்தனம் பற்றிய நூல். 1586-இல் அறுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட 'அடியார் வரலாறு'. பத்தே ஆண்டில் நான்கு புத்தகம்! அப்போது அவருக்கு வயது 58-லிருந்து 66. அச்சு எழுத்து தயாரானதும் அந்தச் சமயத்தில்தான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் எழுத்து தயாராகும்போது எழுதுகிறவர் நிர்வாக வேலையில் மாட்டிக்கொண்டிருந்தால் அச்சடிக்க என்ன இருந்திருக்கும்?

இரண்டாவது, பணம். அச்சு வேலைக்கு 400 குருசாடோ என்னும் போர்த்துக்கீசியக் காசு தேவைப்பட்டது. கொடுத்தது யார்? போர்த்துக்கல் மன்னரா? இல்லை. நம் கடற்கரைப் பரதவ மக்கள். கடலுக்குள் மூச்சடக்கிச் சம்பாதித்த காசு அது. இதில் பலருக்கு எழுத்து வாசிக்கத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். ஆனாலும் புத்தகம் வேண்டும் என்று கொடுத்தார்கள். தமிழ் அச்சுக்கு முதல் புரவலர் யார் என்று யாராவது வினாடி வினாவில் கேட்டால், தயங்காமல் சொல்லுங்கள்: முத்துக்குளித்துறை மக்கள்.

மூன்றாவது, கருவி. தமிழ் எழுத்தை உலோகத்தில் வெட்டி வார்ப்பது அன்றைக்கு யாரும் செய்து பழகாத வேலை. 1577-இல் கோவாவில் யுவான் கொன்சால்வஸ் என்பவர் ஒரு தொகுதி எழுத்து செய்தார். அடுத்த ஆண்டு கொல்லத்தில் ஜோவான் த ஃபாரியா பாதிரியார் இன்னொரு தொகுதி வார்த்தார். இரண்டின் மாதிரியையும் வருஷத்தோடு 'தம்பிரான் வணக்கம்' கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு இன்ஜினீயராக இந்தப் பக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முதல் டிசைன் இது, மாற்றிய டிசைன் இது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதற்கு ஒரு நேர்மை வேண்டும்.

நான்காவது, கூட்டாளி. முகப்பில் அண்டிரிக் அடிகளார் பெயர் மட்டும் இல்லை. மனுவேல் த சான் பேத்ரோ பாதிரியார் பெயரும் சேர்ந்தே இருக்கிறது. பெயரைச் சேர்த்துப் போட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஐந்தாவது, ஒப்புதல். ஆயர், விசாரணை அதிகாரி, சபைத் தலைவர் என்று மூன்று பேருடைய அனுமதியோடு அச்சிட்டதாக அதே முகப்பு சொல்கிறது. இன்றைய போர்டு ஆஃப் ஸ்டடீஸ் தோற்றது போங்கள்! இருந்தாலும் அனுமதி கிடைத்தது, புத்தகம் வந்தது.

நேரம், பணம், கருவி, கூட்டாளி, ஒப்புதல். ஐந்து இழையும் முறுக்கியதுதான் அந்தக் கயிறு.

கயிறு இல்லாமல் போன புத்தகம்

இவ்வளவு பேர் கூடி இழுத்ததால் அந்த நான்கு புத்தகமும் கரை சேர்ந்தன. அதே மனிதர் எழுதிய இன்னொரு புத்தகம் என்ன ஆனது தெரியுமா? அதுதான் இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம்.

புதிதாக வருகிறவர்கள் தமிழ் படிக்க வழி வேண்டும் என்று பிரான்சிஸ் சவேரியார் கேட்டுக்கொண்டதன் பேரில், அண்டிரிக் அடிகளார் ஒரு தமிழ் இலக்கணம் எழுதினார். போர்த்துக்கீசிய மொழியில் விளக்கம், தமிழ் வினைச்சொற்களின் அட்டவணை என்று அமைந்த நூல். ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதிய இலக்கணங்களில் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் இதுவே முதல். சரியான அர்த்தத்தில் பாடப்புத்தகம் என்றால் இதுதான். ஒரு மொழியைப் படிப்படியாகக் கற்றுக்கொடுக்கும் நூல். 1549-லேயே இதைப் பற்றிக் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறார். பிறகும் திருத்திக்கொண்டே இருந்தார்.

அது அச்சேறவில்லை. வணக்க நூலுக்குப் பணம் கொடுக்க ஊரே திரண்டது. இலக்கணத்துக்கு அப்படி யாரும் திரளவில்லை. அதை வாங்கிப் படிக்க வேண்டியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பாதிரியார்கள்தான். அவர்கள் கையால் பிரதி எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரதி எப்படியோ லிஸ்பன் தேசிய நூலகத்தில் தங்கியது. 1982-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் ஃபெர்மேர் என்ற அறிஞர் அதைப் பதிப்பித்தார். 2013-இல் ஜீன் ஹெய்ன், வி.எஸ். ராஜம் இருவரும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு ஹார்வர்டு வெளியீடாக வந்தது. எழுதி முடித்து நானூறு வருஷத்துக்கும் மேல்! அவர் தொகுத்ததாகச் சொல்லப்படும் அகராதி நம் கைக்குக் கிடைக்கவே இல்லை.

ஒரே ஆள். ஒரே உழைப்பு. ஒரே புன்னைக்காயல். ஒரு புத்தகத்துக்குக் கயிறு இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்புறம் ஒன்று. வத்திக்கான் நூலகத்தில் கிடந்த 'அடியார் வரலாறு' மறுபடி வெளியானது 1967-இல், பாளையங்கோட்டைப் பேராசிரியர் ச. இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பாக. வெளியிட்டது நம் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம். அதே கழகம்தான் தனிநாயகம் அடிகளாரின் 'தமிழ்க் கலாசாரம்' ஆங்கிலக் காலாண்டிதழை 1952 முதல் நடத்தியது. ஆக, நம்ம ஊருக்குக் கயிறு பிடிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கால்டுவெல்லின் விடுப்பும் வ.உ.சி.யின் உரையும்

இது ஏதோ நானூறு வருஷத்துப் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். பிறகு வந்தவர்களிடமும் இதே கணக்குதான்.

இடையன்குடியில் வாழ்ந்து, 1883-இல் தூத்துக்குடிக்கு வந்த ராபர்ட் கால்டுவெல்லை எடுத்துக்கொள்வோம். அவருடைய 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' வெளிவந்தது 1856-இல். அப்போது அவர் விடுப்பில் இங்கிலாந்தில் இருந்தார். திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு 1875-இல். அப்போதும் விடுப்பில் இங்கிலாந்தில்தான் இருந்தார்! கோயில் கட்டுவதும் பள்ளிக்கூடம் நடத்துவதுமாக இருந்த காலத்தில் குறிப்புகள் சேர்ந்தன. விடுப்புக் காலத்தில்தான் அவை புத்தகமாயின. அவருடைய திருநெல்வேலி வரலாறு 1881-இல் வந்ததற்குச் சென்னை அரசாங்கமே வெளியிட முன்வந்தது காரணம்.

அடுத்து நம் வ.உ. சிதம்பரனார். கப்பலோட்டிய தமிழரை நமக்குத் தெரியும். பதிப்பாசிரியர் வ.உ.சி.யைப் பலருக்குத் தெரியாது. சிறையிலிருந்து 1912-இல் வெளியே வந்தபோது சொத்து போயிருந்தது, வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. அந்த வறுமையிலும் 'மெய்யறம்' வெளியிட்டார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைச் சுவடி பார்த்துப் பதிப்பித்தார். அதில் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை துணை நின்றார். சென்னையில் வாவிள்ள நிறுவனம் அச்சிட்டது. அவருடைய கஷ்ட காலத்தில் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டி அனுப்பினார்கள். இங்கேயும் கயிறு பிடித்த கைகள் உண்டு. ஆனால் போதவில்லை. அவர் எழுதிய திருக்குறள் உரையில் அறத்துப்பால் மட்டும்தான் அவர் கண்ணால் அச்சில் பார்த்தது. 1936 நவம்பர் 18-இல் தூத்துக்குடியில் கண்மூடினார். ஊர் பூராவும் சிலை வைத்திருக்கிறோம். உரை முழுசாக அச்சில் வர எழுபது வருஷத்துக்கு மேல் ஆனது.

கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847-இல் அங்கே வந்து, மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். புத்தகம் இல்லையே என்றபோது தன் மாணவர்களையே மொழிபெயர்ப்பாளர்களாக ஆக்கினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், பிள்ளைப்பேறு என்று ஆயிரக்கணக்கான பக்கங்கள் தமிழில் வந்தன. 1873-இல் அவர் ஊர் திரும்பிய பிறகும் வேலை நிற்கவில்லை. மாணவர்கள் எழுதியதைக் கப்பல் தபாலில் அமெரிக்காவுக்கு அனுப்ப, அவர் திருத்தி அனுப்பினார். மின்னஞ்சல் இல்லாத காலத்தில்! ஆசிரியருக்கு மாணவர்களே கயிறு பிடித்த கதை அது. பழைய மாணவர்களாகிய நாம் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டிய கதை.

நம் காலத்துக்கு வருவோம்

1960-களின் கடைசியில் மத்திய அரசு, மாநில மொழிகளில் கல்லூரிப் புத்தகம் எழுத ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கோடி ரூபாய் வரை ஒதுக்கியது. அந்தப் பணத்தில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் இயற்பியல், வேதியியல், பொருளியல் என்று நூற்றுக்கணக்கான நூல்களை வெளியிட்டது. எழுதியவர்கள் யார்? நம்மைப் போன்ற ஊர்க் கல்லூரிகளின் பேராசிரியர்கள்தான். கயிறு போட்டதும் முத்து வந்தது. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியில் தொடங்கியபோது பையன்கள் கேட்ட முதல் கேள்வி, "சார், புக் எங்கே?" என்பதுதான். கேள்வி இன்னும் தீரவில்லை.

நம் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் ஒரு பேராசிரியர் இருந்தார். பெயர் சொல்ல வேண்டாம், சொன்னால் கோபித்துக்கொள்வார். கிராமத்துப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு, 'பெண்டிங் மொமென்ட்' என்றால் என்ன என்று தோணிப் பலகையை வைத்து விளக்குவார். பலகையின் இரண்டு முனையையும் கல்லில் வைத்து நடுவில் ஆளை நிற்கச் சொன்னால் எங்கே வளையும், ஏன் அங்கே வளையும்? அப்புறம்தான் சூத்திரம். அவர் கைப்பட எழுதிய நோட்ஸ் சீனியரிடமிருந்து ஜூனியருக்கு ஜெராக்ஸ் ஜெராக்ஸாக இறங்கி, எழுத்து மங்கி, ஓரம் கறுத்து எங்கள் கைக்கு வந்தது. அதைப் படித்துத்தான் பாஸ் செய்தோம். இன்றைக்கும் சைட்டில் ஒரு ஸ்லாப் சென்டரிங்கைப் பார்க்கும்போது எனக்கு அந்தத் தோணிப் பலகைதான் கண்ணில் தெரிகிறது.

அந்த நோட்ஸ் புத்தகமாகவில்லை. தினம் நாலு வகுப்பு, பரீட்சைப் பேப்பர் திருத்தல், அட்மிஷன் டூட்டி, கமிட்டி வேலை. படம் வரைய ஆள் இல்லை. அச்சிட்டால் விற்குமா என்று தெரியாது. பதவி உயர்வுக்கோ ஆய்வுக் கட்டுரைதான் பெரிதாக எண்ணப்படுகிறது. அவர் ஓய்வு பெற்றார். நோட்ஸ் அவர் வீட்டுப் பரணில் இருக்கிறதா, எங்களில் ஒருவர் வீட்டுப் பரணில் இருக்கிறதா? லிஸ்பன் நூலகத்தில் ஒரு பிரதியாவது தங்கியது. நமக்கு அந்த உத்தரவாதமும் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

ஒவ்வொரு சந்திப்பிலும் நாம் ஏதாவது நன்கொடை கொடுக்கிறோம். நுழைவாயில் வளைவு வந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது, எல்லாம் நல்லதுதான். இந்த முறை ஒரு புத்தகத்துக்குக் கயிறு பிடித்தால் என்ன? அண்டிரிக் அடிகளாருக்கு இருந்த ஐந்து இழையையும் இன்றைய கணக்கில் சொல்கிறேன்.

நேரம்: ஒரு ஆசிரியருக்கு ஒரு செமஸ்டர் பாதி வகுப்புச் சுமை குறைய வேண்டும். அந்த வகுப்புகளை எடுக்கும் கௌரவ விரிவுரையாளரின் சம்பளத்தைச் சங்கம் ஏற்கலாம். நிர்வாகம் தேர்வு, அட்மிஷன் டூட்டிகளிலிருந்து அவரை விடுவித்தால் போதும்.

பணம்: இருநூறு பேர் ஆளுக்கு இரண்டு பிரதிக்கு முன்பணம் கட்டினால், அச்சகத்துக்குத் தைரியமாக ஆர்டர் கொடுக்கலாம். ஒரு பிரதி நமக்கு, ஒன்று நாம் படித்த பள்ளிக்கு.

கருவி: டைப் செய்யவும், படம் வரையவும் இன்றைய மாணவர்கள் இருக்கிறார்கள். கேட் சாஃப்ட்வேரில் அவர்கள் விளையாடுகிறார்கள். வெறும் ரெக்கார்டு நோட்டுக்குப் போடும் படத்தைப் புத்தகத்துக்குப் போடட்டும்.

கூட்டாளி: துறைமுகத்தில், அனல் மின் நிலையத்தில், உப்பளத்தில், வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நாம் ஒவ்வொருவரும் ஒரு அத்தியாயத்தைப் படித்து, கணக்குகளைப் போட்டுப் பார்த்து, தவறைக் குறித்து அனுப்பலாம். வாரம் ஒரு மணி நேரம் போதும். அச்சுக்கு முன் இரண்டாம் ஆண்டு மாணவர் இருவருக்கும் படிக்கக் கொடுக்க வேண்டும். புரியவில்லை என்று அவர்கள் சொல்லும் பக்கத்தைத் திருப்பி எழுத வேண்டும். உதவியவர்கள் பெயரைப் புத்தகத்திலேயே போட வேண்டும், 1578-இல் போட்ட மாதிரி.

ஒப்புதல்: பாடத்திட்டக் குழுவில் நம் ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். நல்ல புத்தகம் என்றால் பரிந்துரைப் பட்டியலில் சேர்க்க முயற்சி எடுக்கலாம்.

தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. நன்றாக நடத்தும் ஆசிரியரின் வகுப்புக் குறிப்பைத் தேதி போட்டு முழுசாக எழுதி வையுங்கள். அது பரீட்சையோடு தூக்கிப் போடும் காகிதம் இல்லை. நாளைக்கு அதுவே ஒரு நூலின் கைப்பிரதி ஆகலாம்.

எழுத்து வாசிக்கத் தெரியாத எத்தனையோ பேர், கடலடியில் மூச்சைப் பிடித்துச் சம்பாதித்த காசில் தமிழுக்கு முதல் அச்சுப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார்கள். நாம் எழுத்து படித்தவர்கள், சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்கள் கரையிலிருந்து வந்தவர்கள். சந்திப்பு நாளன்று பொதுக்குழுவில் இந்த யோசனையை எழுதிக் கொடுக்கப்போகிறேன். முதல் இரண்டு பிரதிக்கான முன்பணத்தையும் கூடவே வைக்கிறேன். பேராசிரியரின் நோட்ஸ் ஜெராக்ஸ் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், தயவுசெய்து அன்றைக்குக் கையோடு கொண்டு வாருங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் நூல்கள்!